பிச்சைக்கு உதவாத கைகள்



போன இதழ் பதினெட்டு நாள் பிந்தி உங்கள் கைக்கு வந்தது. “பத்திரிகையை நிறுத்திட்டீங்களா?” என்று ஆத்தூரிலிருந்தும் துறையூரிலிருந்தும் போன் செய்தவர்களுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் வலது காலில் ஒரு மரச்செதில் ஏறிவிட்டது. அந்தச் செதில் என்னைப் படுக்கையில் போட்டு, மனத்தால் கொல்லிமலைவரைக்கும் வேலூர்வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்தப் பயணத்தைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன்.

தம்மம்பட்டிக்கு வந்திருக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைகளைத் தெரிந்திருக்கும். உளிச் சத்தம் கேட்காத பகல் இங்கே குறைவு. கோயில் வாகனங்கள், வாசற்கதவுகள், சாமி உருவங்கள் என்று இங்கே செதுக்கப்படும் மரவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் சபையின் பிரசங்க மேடைக்கு முன்பலகையில் ஒரு திராட்சைக்கொடி வேண்டும் என்று ஆசாரி ஒருவரிடம் சொல்லியிருந்தோம். குதிரை வாகனத்துக்குப் பிடரி செதுக்கிக்கொண்டிருந்தவர், அதை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் கொடியை எடுத்துக் காட்டினார். “மரம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துத்தான் உளி வைக்கணுங்கய்யா. எதிர்த்து வச்சா சிலும்பு தூக்கிரும்” என்றார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் செதில்களுக்கு நடுவே நின்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். காலில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவிதான் பார்த்தாள். “ஏங்க, தரையெல்லாம் என்ன இது?” நடையிலிருந்து சமையற்கட்டுவரை சின்னச் சின்னச் சிவப்புத் தடம். குனிந்து பாதத்தைப் பார்த்தால் விரலுக்குக் கீழே ஒரு அங்குல நீளச் செதில் நிற்கிறது. பிடுங்கிப் போட்டேன். மஞ்சளை வைத்துக் கட்டினேன். வலிக்கவே இல்லை என்பதால் அதை மறந்தும் போனேன். ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது, கால் வீங்கியது. பதினாறு வருடமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. மருத்துவமனையில் காயத்தைக் கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்: “வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க ஐயா. வலிக்காததுதான் உங்க பிரச்சினை.”

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று சொல்லி எம்.சி.ஆர். செருப்பு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்த கறுப்புச் செருப்பு. சர்க்கரை இருக்கிற வாசகர்கள் பலர் இதை இப்போதே போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு மருத்துவரின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தச் செருப்பின் கதையைத் தேடிப் போனால், எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே தெரிகிற கொல்லிமலையில் போய் நிற்கும்.

1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் ஈவ்லின் என்ற பெண்ணும் சேந்தமங்கலம் பக்கமிருந்து மணமான கையோடு அந்த மலை ஏறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று சாலை கிடையாது. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கவே யோசிப்பார்கள். ஜெஸ்ஸி கட்டடவேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் படித்தவர். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் தீட்டுவார். இருவரும் போய்த் தங்கிய இடத்தின் பெயர் வாழவந்தி. அந்தப் பெயரை எப்போது எழுதினாலும் என் பேனா ஒரு கணம் நின்றுதான் போகும்.

பல ஆண்டுகள் ஒருவர்கூட அவர்களுடைய ஜெபத்தில் வந்து சேரவில்லை. பல் பிடுங்கினார்கள், காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு சொல்லிக்கொடுத்தார்கள். முதல் உலகப் போரை ஒட்டி வந்த பெருங்காய்ச்சல் மலையையும் விடவில்லை. இவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த ஒரு பூசாரி அந்தக் காய்ச்சலில் விழுந்தார். உற்றாரே கிட்ட வரப் பயந்தபோது இவர்கள் போய் நின்றார்கள். சாகும்போது அவர் தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். மலைச்சனத்தின் மனம் அதற்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. எத்தனையோ நாள் பிரசங்கித்தும் அசையாத ஒன்றை, சாகிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது அசைத்திருக்கிறது. சபைகளில் ஊழியத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1914 ஜூலை 17ஆம் நாள் அவர்களுக்கு மூத்த மகன் பிறந்தான். பால் என்று பெயர் வைத்தார்கள். மலைப் பிள்ளைகளோடு மரமேறி வளர்ந்தவன். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் 15ஆம் நாள், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். வயது நாற்பத்து நான்கு. சாவுச் செய்தி தந்தியில் உடனே போய்விட்டது. அப்பா அதற்கு முன் எழுதிய கடிதமோ கப்பலில் மெல்லப் போய், அப்பா இல்லை என்று தெரிந்த பிறகு மகன் கைக்குக் கிடைத்தது. மலையின் மரங்களைப் பற்றியும் கடவுள் படைத்த அழகைப் பற்றியும் எழுதியிருந்தாராம். பதினாலு வயதுப் பையன் அந்தக் கடிதத்தை எப்படிப் படித்திருப்பான் என்று, நானும் சின்ன வயதில் தகப்பனை இழந்தவன் என்பதால், பல நாள் நினைத்திருக்கிறேன்.

பாலை மருத்துவம் படிக்கவைக்க உறவினர் ஒருவர் பணம் தர முன்வந்தார். அவன் வேண்டாம் என்றுவிட்டான். அப்பா வீட்டு வாசலில் சீழும் ரத்தமும் துடைத்ததைப் பார்த்தே வைத்தியத்தின்மேல் அருவருப்பு வந்திருந்தது. அதிலும் ஒரு காட்சி மறக்கவில்லை. ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வந்து நின்றார்கள். எதற்கும் தயங்காத அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டார். அம்மா முகத்தில் பயம். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். அந்தப் பையன் பதினாறு வயதில் கட்டடவேலையும் தச்சுவேலையும் பழகப் போனான். நாலைந்து வருடம் செங்கலும் மரமும்தான். பிறகு மிஷனரிப் பயிற்சியின்போது ஒரு சின்ன மருத்துவ வகுப்பில் சேர்ந்தபோதுதான் மனம் மாறியது. மருத்துவக் கல்லூரிக்குப் போனார். லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டார். தச்சுப்பட்டறையில் கழிந்த வருடங்களை வீணாய்ப் போனவை என்றே அப்போது நினைத்திருந்தார்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் டாக்டர் பால் பிராண்ட். அடுத்த வருடம் செங்கல்பட்டில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே தலைவராயிருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தோட்டத்தில் நடந்துகொண்டே பிராண்ட் நோயாளிகளின் கைகளைப் பார்த்தார். விரல்கள் மடங்கி, பருந்தின் நகம் போல வளைந்திருந்தன. இது ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் தோல் வைத்தியன், எலும்பு வைத்தியர் நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று காக்ரேன் திருப்பிக் கேட்டார். லட்சக்கணக்கானவர்களை முடமாக்கிக்கொண்டிருந்த அந்தக் கையை எலும்பு மருத்துவர் யாரும் அதுவரை ஊன்றி ஆராய்ந்திருக்கவில்லை. பிராண்ட் ஒரு நோயாளியிடம் போய், என் கையைப் பிடித்து அழுத்து என்றார். பலமிராது என்று நினைத்துத்தான் நீட்டினார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் நகம் சதையில் பதிந்து பிராண்ட் கத்திவிட்டார். தான் இவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அந்த நோயாளிக்குத் தெரியவில்லை.

அந்த வலியில்தான் அவருக்குப் பொறி தட்டியது. கை செத்துவிடவில்லை, உள்ளே நல்ல தசைகள் இருக்கின்றன. தேடிப் பார்த்ததில், தோலுக்கு அடியில் மேலாகவே ஓடுகிற இடங்களில், முழங்கைக்கு அருகிலும் மணிக்கட்டிலும், நரம்பு வீங்கிக் கெட்டுப்போவது தெரிந்தது. அதற்கு மேலே கிளை பிரிந்துபோகிற நரம்புகளின் தசைகள் திடமாகவே இருந்தன. அப்படிப் பிழைத்திருக்கும் தசைநாண் ஒன்றை எடுத்து, வழி மாற்றி, செயலிழந்த விரல்களுக்கு இணைத்தால்? தொழுநோயாளியின் சதையில் காயம் ஆறாது, வெட்டினால் அழுகும் என்று எல்லோரும் சொன்னார்கள். 1948 வாக்கில் ஓர் இளைஞரின் கையில் முதன்முதலாகச் செய்து பார்த்தார். காயம் எல்லோருக்கும் ஆறுவதுபோலவே ஆறியது. விரல் விரிந்தது. மரத்தின் ஓட்டம் பார்த்து உளி வைக்கவேண்டும் என்று எங்கள் ஆசாரி சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் கழிந்த அந்த வருடங்கள் எதுவும் வீணாய்ப் போகவில்லை என்று பிராண்டே பிற்பாடு சொன்னார்.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். நோய் விரலைத் தின்பதில்லை. வலி தெரியாத விரலைச் சூடான பாத்திரமும் துருப்பிடித்த பூட்டும் ராத்திரியில் எலியும் தின்றுவிடுகின்றன. அவரால் திறக்க முடியாத ஒரு பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்தான். பிறகு பார்த்தால் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, பையனுக்குத் தெரியவில்லை. தினமும் மாலையில் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ராத்திரிக் காவலுக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். பாதத்துக்கு மெத்தை ரப்பர் வைத்த செருப்பு, வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் அந்த உழைப்பில் உருவானது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்ப் பாதத்தில் கற்றதெல்லாம் அங்கே சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பொருந்தும் என்று தெரியவந்தது. இப்போது அந்தச் செருப்பு தம்மம்பட்டியில் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஒருமுறை லண்டனுக்குப் போயிருந்தபோது, ராத்திரி அறையில் காலுறையைக் கழற்றிய பிராண்டுக்குத் தம் குதிகால் மரத்திருப்பது தெரிந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார், உணர்ச்சி இல்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவு செய்து விடியும்வரை தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது. வெகுநேரம் ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அமுங்கியிருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. வலித்ததற்காக அன்று அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். பின்னாளில் வலியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். படுக்கையில் இந்த இடம் நினைவுக்கு வந்தபோது என் பெருவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். எனக்கு வலிக்கவில்லை. என் விடியல் அவருடையதைப் போல வரவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இந்த நேரத்தில்தான் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அவருடைய கணவர் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற பெயின்டர். பாடி கட்டி முடித்த வண்டியின் நெற்றியில் சாமி பெயரும் முதலாளி பிள்ளைகளின் பெயரும் எழுதி, பக்கவாட்டில் மயிலும் தாமரையும் போடுகிறவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை மார்போடு ஒட்டி மடங்கிவிட்டது. ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஜெபித்த ஊழியர், மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்றிருக்கிறார். ஒன்பது நாள் ரத்த அழுத்த மாத்திரை நின்றது. கை நிமிரவில்லை. மறுபடி போனபோது, உங்கள் வீட்டில் விசுவாசம் போதவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “எங்களுக்கு மட்டும் ஏன் ஐயா கிருபை கிடைக்கல? நாங்க எதுல குறைஞ்சிட்டோம்?” என்று முடிகிறது கடிதம்.

அம்மா, நீங்கள் எதிலும் குறையவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் அப்படிச் சொன்னது கொடுமை. அதைச் சொன்னவர் என்னைப்போல் கிறிஸ்துவின் பெயரைச் சொல்கிறவர் என்பதால் அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஜெபமும் மாத்திரையும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன. பவுல் அப்போஸ்தலர் தம் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த ஊழியர் சொல்வார்?

இயேசு தொழுநோயாளியிடம் என்ன செய்தார் என்று சுவிசேஷத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். அவன் சுத்தமாவதற்கு முன்னாலேயே கையை நீட்டி அவனைத் தொட்டார். சொல் ஒன்றே போதுமாயிருந்தவர் தொட்டார். எத்தனையோ வருடமாக ஒரு மனிதக் கை படாத உடம்பு அது. எனக்குத் தெரிந்த கிருபை அந்த இடத்தில் தொடங்குகிறது. உங்கள் கணவரின் மடங்கிய கையைக் கடைசியாக யார் எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்திருப்பீர்கள். சபையில் யாராவது செய்தார்களா?

தலைப்பில் உள்ள சங்கதிக்கு வருகிறேன். பிராண்ட் அறுவை செய்து அனுப்பிய நோயாளி ஒருவர் சில காலம் கழித்து வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். நீங்கள் கொடுத்தது நல்ல கை இல்லை டாக்டர், பிச்சைக்கு உதவவில்லை என்றார். விரல் வளைந்திருந்தபோது காசு விழுந்தது. இப்போது நிமிர்ந்த கையைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை. தொழுநோய் வந்தவன் என்று தெரிவதால் வேலையும் தருவதில்லை, குடியிருக்க இடமும் தருவதில்லை. பிராண்டை அது உலுக்கிவிட்டது. கையைக் கொடுத்தாயிற்று, அந்தக் கை நாளைக் காலையில் எதைப் பிடிக்கும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

1951இல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் உருவானது. வெள்ளையடித்த சின்னச் சின்ன வீடுகள், நடுவே ஒரு பட்டறை. பிராண்ட் மறுபடி உளியையும் ரம்பத்தையும் எடுத்தார். அறுவை முடிந்த கைகளுக்கு மரப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு அழுத்திப் பிடிக்கலாம், கைப்பிடி எப்படி இருந்தால் தோல் கிழியாது என்பதையெல்லாம் அந்தப் பட்டறையில்தான் அவரும் கற்றார். கொல்லிமலையில் அப்பா நடத்திய தச்சுப்பள்ளி நாற்பது வருடம் கழித்து வேலூரில் திறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்பா கையுறை மாட்டித் தொட்டவர்களை மகன் வெறுங்கையால் தொட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஒருநாள் மாலை அந்த மக்கள் ஜெபத்துக்குக் கூடியிருந்தபோது பிராண்டைப் பேசச் சொன்னார்கள். அவர் தயாரித்து வரவில்லை. எதிரே உட்கார்ந்தவர்கள் வழக்கம்போலக் கைகளை மறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். குழந்தைக் கை, நாசரேத்துப் பட்டறையில் காய்த்துப்போன தச்சன் கை, நோயாளிகளைத் தொட்ட கை, ஆணி கடாவியபோது நரம்பு கிழிந்து மடங்கிப்போயிருக்கக்கூடிய கை, உயிர்த்தெழுந்த பிறகும் தழும்போடு காட்டிய கை. பேசி முடித்தபோது, அதுவரை ஒளித்துவைத்திருந்த கைகளையெல்லாம் அவர்கள் உயர்த்திக் கும்பிட்டார்கள். விரல் இல்லாத கையும் அதில் இருந்தது. பிராண்ட் 2003 ஜூலை 8ஆம் நாள் காலமானார். எத்தனையோ விருதுகள் வாங்கியவர். அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாய்ப் படுவது அந்த மாலைதான்.

மருத்துவத்தால் சரியாக்க முடியாதவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்கவேண்டும். கேரளத்திலிருந்து வேலூருக்கு வந்து படித்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். எழுந்து நடக்கவே இல்லை, கடைசிவரை. உட்கார்ந்தபடி கை அறுவை செய்யலாமே என்று பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார் மேரி. தாமே நகர முடியாதவர் என்பதால் நோயாளிகள் அவரிடம் தனி நம்பிக்கை வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து வேலூரில் அந்தத் துறையைத் தொடங்கினார். 1966இல் பாகாயத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் இறந்தார். அவர் கால் சுகமாகும்படி எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அந்த ஜெபங்கள் எங்கே போயின என்று கேட்டால், முதுகொடிந்து வந்து பாகாயத்தில் மறுபடி சக்கர நாற்காலி ஓட்டப் பழகிய ஒவ்வொருவரையும்தான் நான் காட்டுவேன். இது எனக்குக் கிடைத்த பதில். உங்கள் துக்கத்தின் வாயை அடைக்க இதைச் சொல்லவில்லை, அம்மா. அழவேண்டிய அழுகையை அழுதுகொள்ளுங்கள்.

ஈவ்லின் அம்மாளைப் பற்றி முடிக்காமல் விட்டேன். கணவர் இறந்து பல வருடங்கள் சமவெளியில் ஊழியம் செய்தார். எழுபதை ஒட்டிய வயதில், இனி ஓய்வுதான் என்று மிஷன் சொன்னபோது, ஓய்வை வாங்கிக்கொண்டு நேராகக் கொல்லிமலைக்குப் போய்விட்டார். கொல்லி, பச்சை, கல்வராயன் உள்ளிட்ட ஐந்து மலைகளுக்கும் போகவேண்டும் என்பது ஜெஸ்ஸியும் அவரும் கண்ட தரிசனம். மட்டக்குதிரையில் போய், விழுந்து இடுப்பொடிந்து, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு தொண்ணூறு வயதுக்கு மேலும் மலைக் கிராமங்களுக்குப் போனார். நரம்புச் சிலந்தி அந்த மலையை விட்டு ஒழிந்ததில் அவர் உழைப்பு பெரிது. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பர் 18ஆம் நாள், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் கொல்லி, கிழக்கே பார்த்தால் பச்சைமலை. இரண்டுக்கும் நடுவே வாழ்கிற எங்களில் பலருக்கு இந்தக் கிழவியைத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

நான் இப்போது ராத்திரி படுக்குமுன் கண்ணாடி பார்க்கிறேன். மனைவி கைக்கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடிக்கிறாள், நான் குனிந்து பார்க்கிறேன், சிவப்பு, கொப்புளம் ஏதாவது உண்டா என்று. பிறகு ஜெபிக்கிறோம். சர்க்கரை இருக்கிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோலில் உணர்ச்சியற்ற வெளுத்த தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய் இன்னும் போய்விடவில்லை. நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டறிகிறார்கள். கூட்டு மருந்து இலவசம், ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் கை மடங்காமல் காத்துக்கொள்ளலாம். பக்கவாதம் வந்து வீட்டோடு இருப்பவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

நாமக்கல் சகோதரிக்கு ஒரு கேள்வி. உங்கள் கடிதம் ஒரு எழுத்தில் இருக்கிறது, உறைமேல் முகவரி வேறு எழுத்தில் இருக்கிறது. கோடு நடுங்கி, வரி மேலேறி, முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல. தபால்காரர் எப்படிப் படித்தார் என்று மனைவி வியந்தாள். ஆனால் தம்மம்பட்டியின் ‘த’வுக்குக் கீழே ஒரு சுழி போட்டிருக்கிறதே, நுனியில் சின்னத் தாமரை மொட்டோடு? அந்தச் சுழியை நான் இதற்கு முன் லாரிகளின் நெற்றியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அவர்தான் எழுதினாரா, இடது கையால்? அப்படியானால் அவரிடம் சொல்லுங்கள். மாதாமாதம் நானூறு உறைகளுக்கு முகவரி எழுத எனக்கு ஆள் வேண்டும். அவசரமில்லை, நாளைக்குக் கொஞ்சமாக எழுதினாலும் சரி. கூலியைப் பேசிக்கொள்ளலாம். முதல் கட்டு உறைகளை இந்த இதழோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்
தம்மம்பட்டி